மச்சானின் கம்ப்யூட்டரோடு இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து நாள்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். கைலியும் துண்டும் சுற்றி உள்ளே படுக்கவைத்திருந்ததைத் தட்டிப் பார்த்து, "என்ன இது?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் சார்."

"ஸ்கிரீன் எங்க?"

"இதுக்கு ஸ்கிரீன் கிடையாது. டிவியில மாட்டிக்குவோம்."

"இதுல இருக்கிறதையெல்லாம் எதுல சேவ் பண்ணுவீங்க?"

கைப்பையிலிருந்து டேப் ரிக்கார்டரையும் மூன்று கேசட்டுகளையும் எடுத்துக் காட்டி, ரிப்பேருக்குக் கொண்டுவந்ததாகச் சொன்னேன். அவர் கேசட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரிப்பேருக்கா? மலேசியாலேர்ந்து இந்தியாவுக்கா?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிவிட்டார். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அதற்குமேல் மூன்று வருடம், அவ்வளவுதான் படிப்பு. கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிற, என் மனைவி எஸ்தரின் அண்ணன் சாமுவேல் மச்சானுடையது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில், எண்பதுகளில், வாங்கினார். விசைகளும் கம்ப்யூட்டரும் ஒரே துண்டு; தட்டச்சு இயந்திரத்தின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தது போல் இருக்கும். அதில் தமிழ் வராது என்றார்கள். மச்சான் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டார். எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து என்பதும் அவர் வைத்த சட்டம்தான். விசைகளின் மேல் அழியாத மைப் பேனாவால் தமிழ் எழுத்துகளை எழுதிவைத்திருந்தார்.

அதற்குள் முப்பத்தொரு பக்கம் இருக்கிறது. தேதிக்கு ஒரு பக்கம். அவர் ஜெபிப்பதாக வாக்குக் கொடுத்தவர்களின் பெயர், பக்கத்தில் அவர்களுடைய தேவை. உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று நாமெல்லாம் சொல்லிவிட்டு வாசல் தாண்டுமுன் மறந்துபோகிறோம். மச்சான் வீட்டுக்குப் போய் டைப் அடிப்பார். தினமும் மாலை குடும்ப ஜெபத்தில் அன்றைய பக்கத்தை டிவியில் போட்டு வரிவரியாக வாசிப்பார்.

இரண்டு வருடமாக அவருக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறது. பெரிய எழுத்து, தெளிவான எழுத்து என்றால் படிக்க முடியும் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்துப் பழைய டிவி செத்தது. புதுத் தட்டை டிவியில் ஆண்டெனா வயரில் மாட்டினால், மழையில் நனைந்த பத்திரிகை போல் எழுத்தெல்லாம் கரைந்து நின்றது. நல்ல கண் இருக்கிற எங்களுக்கே புரியவில்லை. மச்சானின் மகள் அவருக்கு லேப்டாப் வாங்கித் தந்தாள். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்தப் பேரெல்லாம் இதுக்குத் தெரியாதேம்மா" என்றார். அதற்குப் பிறகு குடும்ப ஜெபத்தில் மூலையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார். ஒரு நாள் என்னிடம், "பேர் தெரியாம எப்படி மாப்ள கேக்கறது? வாக்குக் கொடுத்துட்டேனே" என்றார்.

அவர் மகள்தான் இணையத்தில் தேடி, இருங்காட்டுக்கோட்டையில் இசக்கிமுத்து என்ற பையனைக் கண்டுபிடித்தாள். பையன் என்றால் இருபத்தாறு வயது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், போன் தயாரிக்கிற கம்பெனியில் ரிப்பேர் பெஞ்சில் வேலை. பொழுதுபோக்காக, இந்த மாதிரிப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் டிவிக்குப் படம் அனுப்புகிற சில்லைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சொருகுகிற சின்னப் புதுப் பலகை செய்கிறான். அதைப் போட்டால் புது டிவியில் கண்ணாடி போல் படம் வருமாம். பார்சலில் அனுப்ப வேண்டாம், சில்லுகளின் கால் முறிந்துவிடும், யாராவது கையில் கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தான். ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் வேன் சும்மா நின்றது. நான் கிளம்பினேன். இது 2012-இல்.

முதல் நாள் வியாழன். இருங்காட்டுக்கோட்டையில் இறங்கியபோது எனக்கு வெளிநாடு வந்த உணர்வே இல்லை. எங்கள் ஷா ஆலம் தொழிற்பேட்டைதான். ஒரு அறையில் எட்டுப் பேர், வாசலில் இருபது செருப்பு, மாடிக் கம்பியில் ஒரே நிறச் சட்டைகள் காய்கின்றன. எங்கள் ஊரில் நேப்பாளத்துப் பையன்கள், இங்கே மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பையன்கள். காலை ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். பாய் ஆறுவதே இல்லை.

"வாங்க அண்ணாச்சி, கம்ப்யூட்டர் சொகமா வந்து சேந்துதா?" என்றுதான் இசக்கி முதலில் கேட்டான். என் சுகத்தைப் பிறகு கேட்டான்.

அவர்கள் இருப்பது ஸ்டெல்லா அக்கா வீட்டு மாடியில். கீழே அக்காவின் மெஸ். ஐம்பது வயதுக் கத்தோலிக்கப் பெண்மணி, குரல் மட்டும் சைரன். மாடியில் ஒரு சின்ன அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். "இன்னா சார், மலேசியாலேர்ந்து இத்த தூக்கிகினு வந்தியா? அந்த துட்டுக்கு இங்க நாலு புதுசு வாங்கலாமே!" என்றார். முப்பத்தொரு பக்கத்தின் கதையைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, "டேய் இசக்கி, இது மட்டும் கெட்டுச்சு, உனுக்கு சோறு கெடையாது" என்றார்.

அன்று ராத்திரி தோசையும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும். ஐந்து தோசை சாப்பிட்டேன். எங்கள் ஊர் மாவு இப்படிப் புளிக்காது. ஆனால் டீ விஷயத்தில் எங்கள் ஊர்தான். இங்கே விரல் உயரக் காகிதக் கோப்பையில் தருகிறார்கள். நாக்கு நனையுமுன் முடிந்துவிடுகிறது. நான் ஒரே நேரத்தில் மூன்று வாங்குவதைப் பார்த்து டீக்கடைக்காரர், மற்ற இரண்டு பேர் எங்கே என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை இசக்கிக்குக் காலை ஷிப்டு. டேப் ரிக்கார்டரின் உள்ரப்பர் தளர்ந்திருந்தது. கேசட் ஒழுங்காக ஓடாவிட்டால் கம்ப்யூட்டரில் எதுவும் ஏறாது. "ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கடையில ரப்பர் கெடைக்கும், அப்படியே புது டிவி வயரும் வாங்கிருங்க அண்ணாச்சி. ரோட்டுக்குப் போனா பஸ் வரிசையா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ரப்பர் அளவு பார்க்க ரிக்கார்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ் வரிசையாகத்தான் வந்தது. நின்ற பஸ்ஸில் ஏறினேன். நல்ல சீட்டு. கண்டக்டர் வருவார் என்று பத்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது பஸ் ஒரு பெரிய இரும்புக் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒரகடமாம். அது கம்பெனி பஸ்! இருபது வருடமாகப் பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குகிற நான், தப்பான பஸ்ஸில் ஏறித் தூங்கியிருக்கிறேன். நான் போட்டிருந்த நீலச் சட்டையும் அவர்கள் யூனிபார்மும் ஒரே நிறமாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

காவலாளிகள் இரண்டு பேர் என் பையைத் திறந்து ரிக்கார்டரை எடுத்தார்கள். வயதானவர் இந்தியில் ஏதோ சொன்னார், மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். பயந்துபோய் டிரைவரிடம் கேட்டேன்.

"இந்த டப்பாவ இன்னும் வெச்சினு கீறவன் திருடனா இருக்க மாட்டான், திருடன்கூட இத்த விட்டுட்டுப் பூடுவான்னு சொல்றாரு சார்."

அவர்களே எனக்குக் கேண்டீனில் டோக்கன் வாங்கிக் கொடுத்துப் பொங்கல் சாப்பிடவைத்து, இரவு ஷிப்டுக்காரர்களை இறக்கப் போகிற பஸ்ஸில் திருப்பி அனுப்பினார்கள். அந்நியனுக்குப் போஜனம் கொடுத்து அனுப்புகிற கை ஆசீர்வதிக்கப்பட்ட கை. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ரப்பரும் வயரும் வாங்கினேன். ஷேர் ஆட்டோவில் பதினோரு பேரில் ஒருவனாகத் திரும்பினேன். என் வேனில் அப்படி ஏற்றினால் லைசென்ஸ் போய்விடும்.

வந்து பார்த்தால் மேசைமேல் கம்ப்யூட்டர் பளபளவென்று இருக்கிறது. பக்கத்தில் இசக்கியின் அறைக்காரன் கார்மேகம் கையில் துணியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். இராமநாதபுரத்துப் பையன். கார்க் கம்பெனிக்குப் பாகம் செய்கிற இடத்தில் பெயிண்ட் வேலை.

"எப்புடிண்ணே இருக்கு? முப்பது வருச அழுக்கு. எல்லாத்தயும் எடுத்துட்டேன்!"

விசைகளைப் பார்த்தேன். கம்பெனி வார்த்த ஆங்கில எழுத்து அப்படியே இருந்தது. மச்சான் எழுதிய தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

என் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு நின்றது. "என்னண்ணே? தின்னர் போடலண்ணே, ஸ்பிரிட்தான் போட்டுத் தொடச்சேன், பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாது. எங்க லைன்ல எந்தப் பார்ட் வந்தாலும் மொதல்ல தொடச்சுட்டுத்தான் கைய வைப்போம். பேனா மார்க் இருந்தா சூப்பர்வைசர் கத்துவாருண்ணே…"

அவனுக்கு அது பேனா மார்க். அவன் லைனில் பேனாவால் குறி போட்டிருந்தால் அது பழுது, துடைக்க வேண்டியது. மாலை ஷிப்டுக்குப் போகுமுன் உபகாரம் செய்வோம் என்று தன் தூக்கத்தை விட்டுச் செய்திருக்கிறான். திட்ட வாய் வரவில்லை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. "தம்பி, எங்க மச்சான் கண்ணத் தொடச்சிட்டியேப்பா" என்று மட்டும் சொன்னேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஷிப்டு முடிந்து வந்த இசக்கி, "ஏ மூதேவி, கொஞ்சமாச்சும் மூளை இருக்காடே?" என்று அவனைப் பிடித்தான். பிறகு என்னிடம், "போன் போட்டு மச்சான்கிட்டயே கேட்டுருவமா, எந்தக் கட்டையில எந்த எழுத்துன்னு?" என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் கையோடு ஒட்டிய பொருளை என்னை நம்பிக் கொடுத்தவர். பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து, அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் மங்கிய பிறகு தட்டிவந்தார். அது போச்சு என்று எப்படிச் சொல்வது? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முழங்காலில் நின்று ஜெபித்தேன். வெளியே ஒருவன், "மலேசியா அண்ணே, தண்ணி தீருது!" என்று கதவைத் தட்டினான். ஆமென்கூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் இசக்கி வேலையை ஆரம்பித்தான். போன் பழுது பார்க்கிற கை. ஸ்குரூவை எடுப்பதே பூப்பறிப்பது போல் இருந்தது. மூடியைத் திறந்து, நாற்பது கால் வைத்த ஒரு கறுப்புச் சில்லை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினான். கால் ஒன்றும் முறியாமல் வந்தது. அந்தக் குழியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பலகையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"மூளையத் தொடல அண்ணாச்சி. கண்ண மட்டுந்தான் மாத்துதேன்."

மாட்டுவதற்கு டிவி வேண்டும். அரசாங்கம் கொடுத்த இலவச டிவி எல்லார் வீட்டிலும் இருந்தது, ஆனால் அது பழைய குழாய் டிவி. தட்டை டிவி ஸ்டெல்லா அக்காவின் மெஸ்ஸில் மட்டும்தான். கம்ப்யூட்டரைக் கீழே தூக்கிப் போனோம். எங்கள் ஊர்ச் சதுரக் கால் பிளக், இங்குள்ள வட்ட ஓட்டைக்குள் போகவில்லை. தெருமுனைக் கடையில் ஒரு மாற்றுப் பிளக் கிடைத்தது. சுவிட்சைப் போட்டான். நீலத் திரையில் வெள்ளை எழுத்து, ஊசியால் கீறியது போல் வந்து நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஆனால் அது ஆங்கிலம். தமிழும் பெயர்களும் கேசட்டில் இருக்கின்றன. கேசட் ஏறப் பதினெட்டு நிமிடம் ஆகும், அதுவரை கம்ப்யூட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தும். பதினாறாவது நிமிடம் கரண்ட் போனது.

"அய்யய்யோ, நாலு மணிக் கட்டு!" என்றார் அக்கா. அந்த வருடம் கரண்ட் போகிற நேரம் எல்லாருக்கும் மனப்பாடம். எனக்காக இருந்த பரபரப்பில் மறந்துவிட்டார்கள். கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. இந்த முறை பதினோராவது நிமிடம், நேரங்கெட்ட நேரத்தில் போனது. இசக்கி தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஃபேனுக்கு வெச்சிகினு கீற இன்வெர்ட்டர இதுக்குக் குடுத்துடறேன். நீங்க வேத்து சாவுங்கடா" என்று பையன்களிடம் சொன்னார்.

ஞாயிறு காலை அக்காவோடு அவர்கள் கோவிலுக்குப் போனேன். எங்கள் சபை வேறு, அவர்கள் முறை வேறு. எழுந்திருக்கிற நேரம் உட்கார்ந்தேன், உட்காருகிற நேரம் எழுந்தேன். கடவுள் அதையெல்லாம் கணக்கில் எடுக்கமாட்டார் என்று அக்கா சொன்னார். மதியம் செம்பரம்பாக்கம் ஏரி மீன் குழம்பு. எங்கள் ஊரில் கடல் மீன் தின்று வளர்ந்த நாக்கு முதலில் முரண்டு பிடித்தது, இரண்டாவது துண்டில் சமாதானமாகிவிட்டது.

டிவியில் புதுப் படம் போட்டிருந்தார்கள். இருபது பையன்கள் காத்திருந்தார்கள். அக்கா ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தார். பதினெட்டு நிமிடம் இருபது பேரும் விசிறி இல்லாமல், கம்ப்யூட்டர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனும் எழுந்து போகவில்லை. கத்தல் நின்றது. திரையில் தமிழ் வந்தது. மச்சான் வரைந்த தமிழ்! கட்டை கட்டையாக, சுழி கொஞ்சம் கோணலாக, ஆனால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது.

அப்போது கார்மேகம் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தான். இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்காதவன். "அண்ணே, இப்பத்தான் எழுத்து தெளிவாத் தெரியுதுல்ல? ஒவ்வொரு கட்டையா அமுக்குங்க. திரையில என்ன எழுத்து வருதோ, அதத்தான் மச்சான் அந்தக் கட்டையில எழுதிருப்பாரு."

இவ்வளவுதான் விஷயம். எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் அமுக்க, மெஸ்ஸே சேர்ந்து கத்தியது. "க!" "ங!" "அது ஙவா? டேய், அது நடா!" "கண்ணாடி போடுறா!" கார்மேகம் தன் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியும் ஊசி போன்ற தூரிகையும் எடுத்தான். காரில் கீறல் விழுந்தால் தொட்டுவைக்கிற கறுப்புப் பெயிண்ட். ஒவ்வொரு விசையிலும் எழுத்தை வைத்தான். வேலை செய்யும்போது அவன் நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. சாயங்காலம் நாலு மணிக் கட்டு வந்து போனது, இன்வெர்ட்டர் தாங்கியது.

முடிந்தபின் அன்றைய தேதிப் பக்கத்தைத் திறந்தேன். கிள்ளானில் இருக்கிற யார் யாரோ. ஒரு தாய்க்குப் பிரசவம், ஒருவருக்கு வழக்கு, 'பெயர் தெரியாத பஸ் டிரைவர், மகன் சுகம்பெற' என்று ஒரு வரி. பையன்கள் சத்தமில்லாமல் படித்தார்கள்.

"நம்மளயும் இதுல சேப்பாவளா அண்ணாச்சி?" என்று இசக்கி கேட்டான். "காண்டிராக்ட்ல இருக்கேன். பெர்மனெண்ட் ஆக்கணும்."

"அண்ணே, எனக்கு…" என்றான் கார்மேகம். "அம்மாவுக்கு மூட்டு வலி. எழுதிக்கங்க."

அக்கா தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சம்பளம் வந்ததும் இவனுங்க சாப்பாட்டு துட்ட நேரா கொண்டாந்து குடுக்கணும்னு போடு சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

திங்கள்கிழமை கிளம்பி, செவ்வாய் மாலை வீட்டில் மாட்டினேன். விசைகளைப் பற்றி மச்சானிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் விரலால் தடவினார். பெயிண்ட் சற்று மேடாக உறைந்திருந்தது. "கையில தட்டுப்படுதே மாப்ள" என்று இரண்டாவது முறையும் தடவினார்.

கேசட் ஏறியது. பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தவர், அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். எஸ்தரும் பிள்ளைகளும் நானும் உட்கார்ந்தோம். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஓரக்கண்ணால் எழுத்துக் கூட்டி, அன்றைய பக்கத்தை வாசித்தார். முதல் பெயர். இரண்டாவது பெயர். பல மாதமாக நாங்கள் கேட்காத குரல்.

மூன்றாவது வரி: "ஞானதாசு. குடியை விட வேண்டும்."

ஞானதாசு நான்தான். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது நான் இருந்த நிலைமை அவர்களுக்குத் தெரியாது. பழைய டிவியில் எத்தனையோ மாதம் இந்தப் பக்கம் வந்திருக்கும். சாயங்கால டியூஷன் வேனில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நான் வீடு வருவதற்குள் எப்போதும் முதல் வரிகள் முடிந்திருக்கும் போலிருக்கிறது. எங்கள் காதில் அது விழுந்ததே இல்லை.

"மச்சான்," என்றேன், "நான் விட்டுப் பதினோரு வருசம் ஆச்சு. அந்த வரிய எடுத்துருங்களேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேக்குற மருந்த யாராச்சும் பாதியில நிறுத்துவாங்களா மாப்ள? கண்ண மூடு" என்றார். மூடினேன். அவர் நான்காவது பெயரை வாசித்தார்.